பாப்பாவுக்கு, அந்தப் பள்ளிக்கூடம் பத்தி

பாப்பா,

மத்தியானத்துல பிள்ளைங்களைத் தறி, பட்டறைன்னு கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் குடுக்கற பள்ளிக்கூடத்துக்கு நான் போறேன்னதும், போன்ல நீ "இது குலக்கல்விதானம்மா, பேரை மட்டும் மாத்தி வச்சிருக்காங்க"ன்னு சொன்ன. அப்பவே பதில் சொல்லியிருக்கலாம், ஆனா நீ சைட்டுக்குக் கிளம்பற அவசரத்துல இருந்த, அரைகுறையா பேச எனக்கு மனசில்ல. அதான் உக்காந்து டைப் பண்றேன், ராத்திரி நிதானமா படி. நீ கேட்டது சரியான கேள்வி. அதை நடத்தற இளவட்டப் பிள்ளைங்க மூணு பேரும் வீட்டுக்கு வந்து "டீச்சர், நாங்க ஒரு பள்ளிக்கூடம் நடத்தறோம், வாரத்துல ரெண்டு நாள் வாங்க"ன்னு கூப்பிட்டப்போ நானும் முதல்ல இதைத்தான் கேட்டேன்.

உன் தாத்தாவுக்கு 1953-ல பத்து வயசு. கிராமத்து ஆரம்பப் பள்ளிக்கூடத்துல ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் வகுப்பு, மிச்ச நேரம் அவங்கவங்க வீட்டுத் தொழிலைக் கத்துக்கட்டும்னு திட்டம் வந்த வருஷம் அது, எதிர்த்தவங்க அதைத்தான் குலக்கல்வின்னு சொன்னாங்க. வெள்ளாமை வீட்டுப் பையன் வயலுக்குப் போனான், தாத்தா அழுக்குத் துணி மூட்டையோட துறைக்குப் போனாரு. படிச்சவங்க வீட்டுப் பிள்ளைக்கு அந்த மிச்ச நேரத்துலயும் வீட்ல புத்தகம் இருந்துச்சு, சொல்லிக் குடுக்க ஆள் இருந்துச்சு, இதை தாத்தா சொல்லும்போது குரல் ஏறாது, ஆனா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு. பெரியார் ஊர் ஊரா கூட்டம் போட்டு எதிர்த்து, 1954-ல காமராஜர் முதலமைச்சரா வந்ததும் அதைத் தூக்கி எறிஞ்சாரு. அது நடக்கலேன்னா நான் சாக்பீஸ் பிடிச்சிருக்க மாட்டேன், நீ பெங்களூர்ல பில்டிங் கட்டிட்டு இருக்க மாட்ட. இதை மறந்துட்டு நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளயும் கால் வைக்க மாட்டேன் பாப்பா.

இப்ப இவங்க செய்யறதைச் சொல்றேன். மூணாவது வருஷம்தான் நடக்குது, அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் பிள்ளைங்க இருக்காங்க, ரெண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு புங்கமரம். காலைல தமிழ், கணக்கு, இங்கிலீஷ் புத்தகத்தோட நடக்கும், அதுல ஒரு குறையும் இல்ல, மத்தியானத்துக்கு மேல ஊருக்குள்ள போயிடுவாங்க. தறி, சைக்கிள் கடை, தச்சுப் பட்டறை, போஸ்டாபீஸ், கால்நடை ஆஸ்பத்திரி, குளம். ஒரு விதி வச்சிருக்காங்க, முதல் வருஷம் எந்தப் பிள்ளையையும் அவங்கவங்க வீட்டுத் தொழில் நடக்கற இடத்துக்கு அனுப்பறதில்ல. நெசவாளி மக சைக்கிள் கடைக்குப் போகுது, ஆசிரியர் வீட்டுப் பையன் தறியில உக்காருறான். இது வாய்ப்பேச்சா இருந்துச்சு, எழுத்துல போட்டு சுவத்துல ஒட்டினாத்தான் வருவேன்னு சொல்லி ஒட்ட வச்சேன்.

பிறப்பு பாத்து வேலையைக் கையில குடுத்தா அது குலக்கல்வி. எல்லா வீட்டுப் பிள்ளையும் எல்லா வேலையும் தொட்டு, அதுக்குள்ள இருக்கற கணக்கையும் அறிவியலையும் வெளிய எடுத்தா அது படிப்பு. நான் பாக்கற வித்தியாசம் இதுதான், இதை விட்டா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேற அர்த்தமே இல்ல.

போன மாசம் நாலு, அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களோட சின்னாளப்பட்டில ஒரு குழித்தறிக்குப் போனோம். அங்க பெரியவரு ஒருத்தரு "இது 60-ம் நம்பர் நூல், அது 80"ன்னாரு, உடனே ஒரு பொண்ணு "80 தான் தடிமனா தாத்தா?"ன்னு கேட்டுச்சு, இல்ல, நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. ஏன்னு கேட்டா அவரு கணக்கு சொல்றாரு, சிட்டம்னா சுத்தி வச்ச நூல் கட்டு, ஒரு சிட்டத்துக்கு 840 கஜம், ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிக்குதோ அதுதான் நம்பர். பிள்ளைங்க தரையில உக்காந்து 840-ஐ 60-ஆல பெருக்கி 50,400 கஜம்னு கண்டுபிடிச்சு, அதை மீட்டராக்கி, ஒரு பவுண்டு நூலை நீட்டிப் பிடிச்சா 46 கிலோமீட்டர் வருது, சின்னாளப்பட்டியிலேர்ந்து கிட்டத்தட்ட மதுரைன்னு கத்துதுங்க. நான் எத்தனையோ வருஷம் பெருக்கல் சொல்லிக் குடுத்திருக்கேன் பாப்பா, பெருக்கல் முடிஞ்சதும் பிள்ளைங்க கத்தினதை அன்னைக்குத்தான் பாத்தேன். அந்தப் பெரியவருக்கு பள்ளிக்கூடத்துலேர்ந்து அந்த மத்தியானத்துக்குக் கூலி குடுத்துட்டாங்க, ஏன்னா அவரு நேரம் அவரு சோறு. பிள்ளைங்க அவரை சார்னு கூப்பிடுது.

இதெல்லாம் புதுசா வந்த யோசனையும் இல்ல. 1937 அக்டோபர்ல வர்தாவுல காந்தி கூட்டின மாநாட்டுல பேசினதுதான், அப்புறம் ஜாகிர் உசேன் கமிட்டி அதைப் பாடத்திட்டமா எழுதுச்சு, கைத்தொழிலை நடுவுல வச்சு, தாய்மொழியில, ஏழு வருஷம் இலவசமா. நம்ம பக்கத்துலயே 1947-ல டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமம் ஆரம்பிச்சது அந்த வழியிலதான். ஆனா ஒரு இடத்துல எனக்கு காந்தி சொன்னது ஒப்பலை. பிள்ளைங்க செய்யற பொருளை வித்து வாத்தியார் சம்பளத்துக்கு ஆகட்டும்னாரு, அந்த மாநாட்டுலயே அதுக்கு எதிர்ப்பு வந்துச்சு. விக்கணும்னு வந்துட்டா பிள்ளை கத்துக்கறது பின்னால போயிடும், எத்தனை உருப்படி ஆச்சுன்னு எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. இங்க பிள்ளைங்க செஞ்ச எதையும் விக்கறதில்ல, கோணலா வந்த முக்காலிகூட வீட்டுக்குத்தான் போகும்.

கழிப்பறை விஷயத்தை நீ கேக்கலை, நானே சொல்லிடறேன். பிள்ளைங்களும் சேர்த்து எல்லாரும் முறை வச்சு கழுவணும்னு பள்ளிக்கூடம் நடத்தற அந்த மூணு பேரும் ஆரம்பத்துல சொன்னாங்க, காலனித் தெரு அம்மாங்க வந்து நேரா நின்னு "எங்க பிள்ளைங்க இதைக் கத்துக்கத்தான் இங்க வரணுமா"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது நூத்துக்கு நூறு நியாயம். எத்தனை ஊர்ல குறிப்பிட்ட பிள்ளைங்களை மட்டும் கூப்பிட்டு கக்கூஸ் கழுவ விட்ட செய்தி பேப்பர்ல வந்திருக்கு, அவங்க எப்படி நம்புவாங்க? ரெண்டு கூட்டம் பேசி முடிவாச்சு, பெரியவங்க மட்டும்தான் கழுவறது, ஆசிரியருங்க முறை வச்சு, பிள்ளைங்க பாக்கற நேரத்துல. எனக்கும் வாரம் ஒரு முறை வருது. ஊரோட சேர்ந்து கத்துக்கறதுன்னா பெத்தவங்க "இது வேணாம்"னு சொன்னா அதைக் கேட்டு மாத்திக்கறதும் அதுல சேத்திதான்.

நம்ம அரசுப் பள்ளியை விட்டுட்டு இங்க போறியேன்னும் நீ நினைக்கலாம். செயல்வழிக் கற்றல் வந்தப்போ, சென்னை மாநகராட்சிப் பள்ளிங்கள்ல ஆரம்பிச்சு மாநிலம் முழுக்க வந்துச்சே, பாடத்தைப் படிப்படியா காட்டற ஏணிப் படம், பாட அட்டை, பிள்ளைங்க செஞ்சதைத் தொங்கவிட தலைக்கு மேல கம்பிப் பந்தல், பிள்ளைங்க எழுத சுவத்துக்குக் கீழ கரும்பலகைன்னு எங்க வகுப்பே மாறிப்போச்சு, பிள்ளைங்க பாயில உக்காந்து அவங்கவங்க வேகத்துல படிச்சாங்க, அந்த நாள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்பவும் ஒண்ணு உறுத்திட்டே இருந்துச்சு, அட்டையில கிணத்துப் படம் இருக்கும், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடியே நிஜக் கிணறு இருக்கும், அங்க கூட்டிட்டுப் போக நேரமும் கிடையாது அனுமதியும் கிடையாது. இங்க போக முடியுது, அவ்வளவுதான். சனிக்கிழமை நம்ம ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களும் வரட்டும், தறியும் குளமும் அவங்களுக்கும் சேத்துதான்னு கேட்டிருக்கேன், வர்ற ஜூன்லேர்ந்து செய்யறோம்னு சொல்லியிருக்காங்க.

பரீட்சைக்கு என்ன பண்ணுவாங்கன்னு மாப்பிள்ளை கேட்டாராமே. தேசிய திறந்தநிலைப் பள்ளியில பதினாலு வயசு ஆனா பத்தாம் வகுப்பு எழுதலாம், எட்டாம் வகுப்பு வரைக்கும் வயசுக்கேத்த வகுப்புல வேற பள்ளியில சேரலாம், வழி இருக்கு. இருந்தாலும் அங்கீகாரம் வாங்காம இழுத்துட்டு இருக்கக் கூடாதுன்னு நான் விடாம சொல்லிட்டு இருக்கேன். வசதியான வீட்டுப் பிள்ளை சோதனை முயற்சியில ஒரு வருஷம் தவறினா அப்பா அம்மா தாங்கிக்குவாங்க, கூலி வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வருஷம் படிப்பையே முடிச்சு வச்சிடும்.

இப்ப உன்கிட்ட ஒரு வேலை இருக்கு. நம்ம ஊர் குளத்தை பிள்ளைங்க வரைபடமா வரையறாங்க. வயலுக்குத் தண்ணி திறந்து விடற நீர்பாய்ச்சி கூட நடந்து மடை எங்க, மிச்சத் தண்ணி வெளிய போற மறுகால் எங்க, வரத்து வாய்க்கால் எந்த ஓடையிலேர்ந்து பிரியுது, எங்க அடைச்சுக் கிடக்குதுன்னு எல்லாம் குறிச்சாச்சு. மழைமானி வச்சு தினம் அளக்கறாங்க, ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டர் இடத்துல விழுந்தா ஒரு லிட்டர் தண்ணின்னு தெரிஞ்சதுலேர்ந்து அவங்கவங்க வீட்டுக் கூரையை அளந்து தள்ளுதுங்க. ஆனா குளத்துல எவ்வளவு தண்ணி நிக்கும்னு கணக்குப் போட ஆழம் வேணும், இடத்துக்கு இடம் மட்டம் எடுக்கணும், அது எங்க யாருக்கும் தெரியாது. நீ சைட்ல முக்காலி மேல வச்சுப் பாப்பியே அந்த லெவல் கருவி, அதை ரெண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துட்டு வர முடியுமா? மே மாசம் குளம் வத்திக் கிடக்கும், அப்பதான் உள்ள இறங்கி அளக்க முடியும். ஸ்டாஃப்னு சொல்ற அந்த அளவுக் கோலைப் பிடிக்க பிள்ளைங்க இருக்காங்க, நீ பாத்து ரீடிங் சொன்னா எழுதிக்குவாங்க, அப்புறம் அவங்களையே பாக்க விடு, உடைச்சிடுவாங்கன்னு பயப்படாத, தறிக்காரரும் அப்படித்தான் பயந்தாரு.

சின்னவனையும் கூட்டிட்டு வா, அம்மாச்சி வீட்ல வெறும் காலோட திரியட்டும். வாடகை எவ்வளவுன்னு கேட்டு இந்த வாரத்துக்குள்ள சொல்லு, பள்ளிக்கூடத்துல பணம் ஒதுக்கச் சொல்லணும்.

அம்மா