மறுநாள் காலையையும் கொஞ்சம் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியர் ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

சென்ற இதழில், ஒரு கல்லூரிக் கூட்டத்தைப் பற்றிய மாணவர் ஊழியச் செய்தியோடு வந்த படத்துக்குக் கீழே 'ஒரே இரவில் அசைந்தது கல்லூரி' என்று போட்டிருந்தீர்கள். கல்லூரி அசைந்ததோ இல்லையோ, என் தூக்கம் கலைந்தது. அரங்கம் நிறைய உயர்ந்த கைகள், மேடையில் கலர் விளக்கு, கிடார். சரி, சந்தோஷம். மறுநாள் காலையில் அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களைத் தேடிப் போனது யார் என்பதற்கு மட்டும் ஒரு வரி கூட இல்லை.

பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். பதினெட்டு வருடம் இந்த ஊழியத்தில் இருந்தவன் நான். இப்படிப்பட்ட கூட்டங்களை நானே நடத்தியிருக்கிறேன். ஒருமுறை, இயேசுவை ஏற்றுக்கொண்டதாகக் கை தூக்கியவர்கள் பெயர் எழுதிக் கொடுத்த தீர்மான அட்டைகளை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து விடுதி விடுதியாகப் போனேன். ஒரு பையன் கதவைத் திறந்து, "அன்னைக்கு எல்லாரும் கையத் தூக்கினாங்க, நானும் தூக்கினேன் அண்ணா" என்றான். இன்னொருவன் பெயர் மூன்று வருட அட்டைகளிலும் இருந்தது. எங்கள் அறிக்கையில் அவன் மூன்று ஆத்துமா! அதையும் நீங்கள் அப்போது பிரசுரித்தீர்கள், நன்றி.

அப்புறம் அந்த மாத அறிக்கைப் படிவம். கூட்டங்கள் எத்தனை, வந்தவர்கள் எத்தனை, ஒப்புக்கொடுத்தவர்கள் எத்தனை என்று மூன்று கட்டம். பரீட்சையில் தோற்று, வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டிருந்த ஒரு மாணவனோடு ஒரு மாதம் முழுக்க சாயங்காலம் தோறும் நடந்தேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பூஜ்யம் போட்டு அனுப்பினேன். "சகோதரரே, ஜெபத்தில் குறைவோ?" என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த மாணவன் இப்போது ஒரு பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்ததற்காக வேலையிழந்து நிற்கிறான். போனில் சொல்லும்போது சிரித்தான். எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

சார்லஸ் சிமியோனைத் தங்களுக்குத் தெரியாதா என்ன? 1782 முதல் 1836-இல் சாகும்வரை, 54 வருடம், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒரே ஆலயத்தில் போதகர். அவரைப் பிடிக்காத சபையார் தங்கள் இருக்கைகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். பிரசங்கம் கேட்க வந்தவர்கள் ஆலயத்துக்குள் நடைவழியில் நின்றார்கள். மாணவர்களே அவரைக் கேலி செய்தார்கள். அவரோ வெள்ளிக்கிழமை மாலைகளில் அதே மாணவர்களைத் தன் அறைக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று உட்கார்ந்தார். அவரிடம் உருவான ஹென்றி மார்ட்டின்தான் இந்தியாவுக்கு வந்து, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்து, 1812-இல் 31 வயதில் இறந்தார். சிமியோனின் முதல் வருட அறிக்கை நம் ஆட்கள் கையில் கிடைத்திருந்தால், அவரை உடனே இடம் மாற்றியிருப்பார்கள்.

எங்களை மாற்றினார்களே! இரண்டு வருடத்துக்கு ஒரு கல்லூரி. முதல் வருடத்தில் வணக்கம் சொல்லத் தொடங்குகிற பிள்ளை, மூன்றாம் வருடத்தில்தான் உண்மையான சந்தேகத்தைக் கேட்பான். அதற்குள் நாங்கள் பெட்டி கட்டியிருப்போம். அப்போஸ்தலன் பவுல்கூட எபேசு பட்டணத்தை ஒரே இரவில் அசைக்கவில்லை; திறன்னு என்பவனின் வித்தியாசாலையில் இரண்டு வருஷம் அனுதினமும் பேசினார். படம் எடுக்கத்தான் ஆளில்லை.

படித்து முடித்து வருகிற பிள்ளைகளை நம் சபைகள் நாற்காலி அடுக்க மட்டும் வைத்துக்கொள்வது தனிக் கதை. அதைப் பற்றி முன்பு இரண்டு கடிதம் எழுதினேன். இடமில்லை என்றீர்கள். கல்லூரி அசைந்ததற்கு மட்டும் நடுப்பக்கம் முழுக்க இடம் இருந்தது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை, ஐயா. அடுத்த வருடம் இதே மாதம், அதே கல்லூரிக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். வாராவாரம் வேதபாடத்துக்குக் கூடுகிறவர்கள் எத்தனை பேர் என்று நாலு வரி போடுங்கள். ஐந்து பேர் என்றாலும் போடுங்கள். படம் வேண்டாம், விடுதி அறையில் வெளிச்சம் அவ்வளவு நன்றாக விழாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்