ஆண்டறிக்கை: ‘தி ராக்கர்’ திரையிடல் குறித்த தனிப்பதிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் திரைப்படச் சங்கத்தின் மாதாந்திரத் திரையிடல்கள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. அவற்றின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இந்த அறிக்கை ஒரு படத்தைப் பற்றி மட்டும் விரிவாகப் பேசுகிறது. 2008இல் வந்த ‘தி ராக்கர்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தைத் தேர்ந்தெடுத்தபோது, “ஓடாத படத்துக்கு எதற்கு ஒரு மாலை?” என்று கேட்கப்பட்டது. நியாயமான கேள்வி. அதற்கான பதில் சங்கத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

படம் ஓடவில்லை என்பதில் ஐயமில்லை. சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்து, அமெரிக்காவில் 2,700க்கும் மேற்பட்ட அரங்குகளில் 2008 ஆகஸ்ட் 20 அன்று வெளியிட்டார்கள். முதல் வார இறுதி வசூல் ஏறத்தாழ 26 லட்சம் டாலர். அதாவது அரங்குக்கு ஆயிரம் டாலர்கூடத் தேறவில்லை. உலகம் முழுக்கச் சேர்த்தும் 90 லட்சத்தைத் தொடவில்லை. நாள் பார்த்த விதமே கோளாறு. ஒரு வாரம் முன்பு ‘டிராபிக் தண்டர்’, இரண்டு நாள் கழித்து ‘தி ஹவுஸ் பன்னி’, இரண்டுமே நகைச்சுவைப் படங்கள். பின்னதில் எம்மா ஸ்டோனும் இருந்தார்; ‘தி ராக்கர்’ படத்தில் பேஸ் கித்தார் வாசிக்கும் பெண்ணும் அவரே. நாயகனாக நடித்த ரெய்ன் வில்சன் தொலைக்காட்சித் தொடரின் துணைப்பாத்திரமாக நேசிக்கப்பட்டவர். அவரை நம்பி டிக்கெட் வாங்கும் கூட்டம் அன்று இல்லை. சிறுவர்களோடு ராக் இசைக்கும் பெரியவர் என்ற கருவை 2003இலேயே ‘ஸ்கூல் ஆஃப் ராக்’ வெற்றிகரமாகச் செய்து முடித்திருந்தது.

கதை எளியது. எண்பதுகளில் கிளீவ்லாந்தில் வெசூவியஸ் என்ற குழு, இசைத்தட்டு ஒப்பந்தத்துக்காகத் தன் டிரம்மர் ஃபிஷ்ஷைக் கழற்றிவிடுகிறது. குழு உலகப் புகழ் பெறுகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் வேலையும் வீடும் இழந்து அக்கா வீட்டில் ஒண்டும் அவர், அக்கா மகனின் பள்ளிக்கூடக் குழுவில் ஆள் குறைந்ததும் உள்ளே வருகிறார். ‘தி ஃபுல் மான்டி’ எடுத்த பீட்டர் கட்டானியோதான் இயக்குநர். தோற்றவர்களைக் கேலிக்கு ஆளாக்காமல் காட்டுகிற அவருடைய கனிவு இதிலும் உண்டு. திரைக்கதைதான் நடுத்தரம். முடிவில் வெசூவியஸ் பதிவு செய்த ஒலிக்கு வெறுமனே உதட்டசைப்பது அம்பலமாவதால், ஃபிஷ்ஷின் கை வென்றதா எதிரியின் இயந்திரம் தோற்றதா என்பது மங்கிப்போகிறது. நல்ல தாளக்காரருக்கு அது நியாயமான வெற்றியல்ல.

ஆனால் வெளியேற்றப்பட்ட தாளக்காரரின் வலியைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் கணநேரம் முகம் காட்டும் பீட் பெஸ்ட்டைக் கவனித்தவர்களுக்கு அது உடனே புரியும். பீட்டில்ஸ் குழு, தன் டிரம்மராக இருந்த அவரை நீக்கியது 1962 ஆகஸ்ட் 16. ஐம்பதே நாளில், அக்டோபர் 5 அன்று, குழுவின் ‘லவ் மீ டூ’ பாடல் வெளியானது. அதற்குள் ரிங்கோ ஸ்டார் அவருடைய இடத்தில் இருந்தார். 1995இல் பீட்டில்ஸின் பழைய பதிவுகளின் தொகுப்பான ‘ஆந்தாலஜி 1’ வந்தபோதுதான் பெஸ்ட் வாசித்தவற்றுக்கு உரிய பணம் அவர் கைக்கு வந்தது. அவர் பிறந்த ஊர் நம் மதராஸ்: 1941 நவம்பர் 24. இந்தப் படத்தை நம் ஊரில் போட இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

கலந்துரையாடலில் அதிக நேரம் எடுத்தது வெப்கேம் ஒத்திகைக் காட்சி. குழுவின் நால்வர் நான்கு இடங்களில் இருந்தபடி ஒரே தாளத்தில் வாசிக்கிறார்கள். நடைமுறையில் ஒலி வந்துசேரும் தாமதம் 25 முதல் 30 மில்லிநொடியைத் தாண்டினாலே குழுவின் நடை தளரத் தொடங்கும். அடுத்தவர் ஓசைக்காக ஒவ்வொருவரும் காத்திருப்பதால் வேகம் சுற்றுக்குச் சுற்று இறங்கும். காற்றில் ஒலி 25 மில்லிநொடியில் சுமார் எட்டரை மீட்டர் செல்லும். பெரிய மேடையில் வாசிப்பவர்கள் கேட்பதற்கென்றே அருகில் தனி மானிட்டர் ஒலிபெருக்கி வைப்பது இதனால்தான். அன்றைய வீட்டு இணையத்தில் காணொளி அழைப்பின் தாமதம் இதைப்போல் பல மடங்கு. எனவே அந்தக் காட்சி நடக்கக்கூடியதல்ல. ஆனாலும் படத்தின் மிகச் சிறந்த நகைச்சுவை அங்கேதான் இருக்கிறது: வெக்கை தாங்காமல் ஆடையில்லாமல் டிரம்ஸ் அடிக்கும் ஃபிஷ், தனக்குத் தெரியாமலே இணையத்தில் புகழடைகிறார்.

திரையிடலில் கண்ட குறைகளையும் பதிவு செய்கிறேன். முதல் சோதனை, ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடியில் நடந்தது. நொடிக்கு 24 சட்டகத்தில் (ஃப்ரேம்) எடுத்த படத்தை அம்முறை 25ஆக ஓட்டுவதால், 102 நிமிடப் படம் 98 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியும் ஏறத்தாழ முக்கால் பங்கு செமிடோன், அதாவது அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக, ஏறும். இசைப்படத்துக்கு இது பெருங்குறை. பள்ளிக்கூடக் குழுவின் பாடகராக நடித்த டெடி கைகரின் குரலே மெலிந்து ஒலித்தது. 24 சட்டகத்துக்குச் செய்த தமிழ் வசனவரிகள் (சப்டைட்டில்) வரவரப் பின்தங்கி, கடைசிக் காட்சியில் நான்கு நிமிடம் தாமதமாயின. புளூ-ரே வட்டுக்கு மாறியதும் இரண்டும் சரியாயின.

அடுத்து, ஒலிவெளியீடு ஆறு அலைவரிசை கொண்ட 5.1 முறையில் இருக்க, அரங்கில் இரண்டு ஒலிபெருக்கிகள் மட்டுமே இருந்தன. வசனம் நடு அலைவரிசையில் வருவதால் பாட்டு முழங்கியது, பேச்சு கேட்கவில்லை. பிளேயரின் அமைப்பில் எல்லா அலைவரிசைகளையும் இரண்டாகக் கலந்து தரும் ‘ஸ்டீரியோ டவுன்மிக்ஸ்’ தேர்ந்தெடுத்தால் போதும். வசனவரி எழுதுவோர் நகைச்சுவையின் கடைசிச் சொல்லைத் தனி வரியாகப் பிரித்து, நடிகர் வாய் திறக்கும்போதே காட்ட வேண்டும். மொத்தமாகக் காட்டினால் அரங்கு முன்கூட்டியே சிரித்துவிடும், அடுத்த வசனம் அமுங்கிவிடும். சில வரிகளில் அப்படித்தான் ஆயிற்று.

வீட்டில் பார்க்க வாங்கிய வட்டு பொதுத்திரையிடலுக்கு உரிமை தருவதில்லை. அந்த அனுமதியைத் தனியே, எழுத்துவழியில், அறிவிப்பு ஒட்டுமுன் பெற வேண்டும். வரும் ஆண்டு முதல், திரையிடலுக்கு ஒரு வாரம் முன் அதே அரங்கில், அதே வட்டில், கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம் என்ற தீர்மானத்தை உறுப்பினர்கள் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்