கொள்கலன் வேண்டாம், குகன்

அன்பின் குகன்,

இங்கு எல்லோரும் நலம். அக்காவின் கண் சத்திர சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று சின்னவன் சொன்னான், மகிழ்ச்சி. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். உன் கந்தோரில் இந்த ஆண்டுப் பொருள் கணக்கெடுப்புக் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று அறிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைசி வாங்கில் இருந்துகொண்டு வகுப்பிலுள்ள அத்தனை பேரின் அழிறப்பரையும் கணக்கு வைத்திருந்தவன் நீ. சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்!

நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொள்கலன் நிறையப் பாவித்த கணினிகள் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். இங்குள்ள பழைய மாணவர் சங்கமும் அதையேதான் பேசுகிறது. கூட்டத்தில் நான் எழுந்து வேண்டாம் என்றேன். தேவன் இன்னும் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. உனக்காவது காரணத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைகளில் நான் போகும் பட்டறையைப் பற்றி உனக்குத் தெரியும். கனடிய மத்திய அரசும் தொலைபேசி நிறுவனங்களில் ஓய்வுபெற்ற தொண்டர்களும் சேர்ந்து 1993இல் தொடங்கிய 'கம்பியூட்டர்ஸ் ஃபோர் ஸ்கூல்ஸ்' என்ற திட்டத்தின் வழியில் நடப்பது அது. அரசு அலுவலகங்கள் கழிக்கும் கணினிகளைத் திருத்தி முதலில் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் கொடுத்தார்கள். பிறகு பழங்குடிச் சமூகங்கள், தொண்டு அமைப்புகள், வருமானம் குறைந்த குடும்பங்கள் என்று விரிந்தது. திருத்துகிறவர்களில் பலர் இளைஞர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் பழகுகிறார்கள்.

அங்கே எங்களுக்கு வந்து சேரும் பெட்டிகளைப் பார்த்தால் உனக்கு வயிறெரியும். நல்ல மடிக்கணினியாக இருக்கும். தகவல் கசிந்துவிடுமென்ற பயத்தில் வன்தட்டைப் பிடுங்கியிருப்பார்கள். தட்டைத் தாங்கும் சட்டமும் அதோடு போயிருக்கும், சார்ஜரும் இராது. கணினி தொடங்கும்போதே கேட்கும் பயோஸ் கடவுச்சொல்லைப் போட்டவர் எப்போதோ ஓய்வுபெற்றிருப்பார். அந்தப் பூட்டுத் திறக்காவிட்டால் உதிரிப்பாகங்களுக்காகக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

தகவலைப் பற்றிய பயம் நியாயமானது. மக்களின் அடையாள அட்டை விபரமும் காணி உறுதியும் வெளியே போகக்கூடாது. ஆனால் அதற்குத் தட்டை உடைக்க வேண்டியதில்லை. பழைய சுழலும் வன்தட்டை முழுதாக மேலெழுதினால் போதும். சுழலும் பாகமில்லாமல் சில்லுகளில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டிக்கு அது போதாது. எழுதுவதை அது பல இடங்களுக்குப் பரப்பிவிடும், ஒதுக்கி வைத்த பகுதிகளும் உள்ளே உண்டு. அதனால் அதற்குள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளையைத்தான் பாவிக்க வேண்டும். அழித்தபின் சரிபார்த்து, தொடர் இலக்கத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் உன் மேலதிகாரிக்கும் நித்திரை வரும்.

இதைவிடப் பெரிய கேடு, நல்லதையும் உடைந்ததையும் ஒன்றாகக் குவிப்பது. உயிருள்ள கணினியும் செத்த பிரிண்டரும் கால் முறிந்த கதிரையும் ஒரே தொகுதியாக ஏலத்துக்குப் போனால், விலையைத் தீர்மானிப்பவன் பழைய இரும்புக்காரன்தான். நிறுத்துப் பார்த்து விலை சொல்வான். ஏலம் வரும்வரை களஞ்சியத்தில் கிடக்கும் காலமும் தீங்கு செய்யும். வெறுமையாகக் கிடந்த மின்கலம் வீங்கும். இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு உதவும் கணினி நாலு வருடம் பூட்டிக் கிடந்தால் யாருக்கு உதவும்?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஏறக்குறைய 2018க்குப் பிந்திய செயலியும் கேட்கிறது. இதனால் வேலை செய்யும் இயந்திரங்களே உங்கள் கந்தோர்களிலும் மலைமலையாகக் கழிபடப் போகின்றன. ஓர் எஸ்எஸ்டியும் எட்டு ஜிபி நினைவகமும் போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தாராளம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு வளர்ந்த ஊரில் இதைத் திருத்த ஆளில்லை என்று சொல்லாதே.

அதனால்தான் கொள்கலன் வேண்டாம் என்கிறேன். 2025 ஜனவரி 1 முதல், ஆபத்தான கழிவுகள் நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் கீழ் எல்லா வகை மின்னணுக் கழிவுக்கும் இறக்குமதி நாட்டின் முன் அனுமதி தேவை. சோதிக்காமல் அள்ளிப்போட்ட பழைய கணினிகளை அதிகாரிகள் கழிவென்றே கொள்ளலாம். பாதி வேலை செய்யாமல் வந்திறங்கினால் அந்தக் குப்பை நம் ஊரில்தான் கிடக்கும். கப்பலுக்குக் கொடுக்கும் காசை எஸ்எஸ்டி வாங்கவும் இரண்டு இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் அனுப்பினால் எவ்வளவு நல்லது!

திருத்தியதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று நம் ரீச்சர் சொல்வார். பள்ளிக்கூடத்துக்குச் சரி. வீடுகளுக்குச் சிறு விலை வைத்து, ஓராண்டு உத்தரவாதமும் கொடுத்து விற்க வேண்டும் என்பதே என் எண்ணம். பழுதானால் கொண்டுவந்து கேட்க வாங்கியவருக்கு உரிமை இருக்கும், பட்டறையும் அடுத்த மாதம் திறந்திருக்கும்.

உன்னிடம் கேட்பது இவ்வளவுதான். கழிவுப் பட்டியல் எழுதும்போது ஒவ்வொன்றையும் மின்சாரத்தில் போட்டுப் பார். இயங்குபவற்றைத் தனித் தொகுதியாக எழுதி, பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று கணக்காளரிடம் கேள். சார்ஜர்களை அந்தந்தக் கணினியோடு கட்டி வை. கடவுச்சொல் தெரிந்தவர்கள் இடமாற்றம் பெறுமுன் வாங்கிக்கொள். மாதிரி இலக்கங்களை எனக்கு அனுப்பினால் எவற்றுக்கு என்ன உதிரி வேண்டும் என்று எழுதுகிறேன். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன் அந்தப் பட்டியல் என் கையில் இருக்க வேண்டும். தேவனுக்கும் ஒரு பிரதி அனுப்பு. நீ சொன்னால் கேட்பான்.

அன்புடன்,
பாலா