இ.எஸ்.பி. பொத்தானை அணைப்பது பற்றி நண்பருக்கு

டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். பழைய போர்ஷே ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள் என்பதும், அடுத்த மாதம் கியாலாமி பந்தயத் தடத்தில் அதை ஓட்டப் போகிறீர்கள் என்பதும் அறிந்து மகிழ்ந்தேன். இந்த வயதில் எதற்கு என்று வீட்டார் கேட்பார்கள், கேட்கட்டும்.

வண்டி வழுக்கித் திசை தவறாமல் காக்கும் மின்னணு அமைப்பான இ.எஸ்.பி.யை அணைத்துவிட்டால் வண்டி முழுவதும் தங்கள் கைக்கு வந்துவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. 1978இல் பாஷ் நிறுவனத்தின் ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தபோது, இறுகி நிற்கப் போகும் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்தி அதை உருளச் செய்வது மட்டுமே அதன் வேலையாக இருந்தது. 1995இல் வந்த இ.எஸ்.பி. தனக்கென்று வேறு பிரேக் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஏ.பி.எஸ்.ஸின் சக்கரச் சென்சார்களோடும் வால்வுகளோடும் பம்போடும் கூடுதலாகச் சில சென்சார்களையும் வால்வுகளையும் சேர்த்துக்கொண்டு, ஸ்டியரிங் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்புகிறதா என்று ஒப்பிட்டு, நாம் பெடலை மிதிக்காதபோதும் ஏதேனும் ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது. வளைவில் வால்பக்கம் வெளியே வீசினால் பெரும்பாலும் வெளிப்புற முன்சக்கரத்தையும், முன்பக்கம் திரும்ப மறுத்தால் உட்புறப் பின்சக்கரத்தையும் பிடிக்கும்.

இரண்டும் ஒரே நேரத்தில் வேலைசெய்யும் இடம்தான் எனக்குச் சுவையானது. கியாலாமியின் மைன்ஷாஃப்ட் வளைவில் இறக்கத்தில் திரும்பிக்கொண்டே பிரேக்கை அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஏ.பி.எஸ். ஏற்கெனவே டயரின் பிடிமானத்தை எல்லைவரை செலவழித்துவிட்டது. நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் டயருக்கு இருப்பது அந்த ஒரே பிடிமானம்தான். ஆகவே இ.எஸ்.பி. அழுத்தத்தைக் கூட்ட வழியின்றி, தான் பிடிக்க நினைக்கும் சக்கரத்துக்கு எதிர்ப்புறச் சக்கரங்களில் அதைக் குறைத்து, நிற்கும் தூரத்தில் சிறிது விட்டுக்கொடுத்தேனும் திசையைக் காப்பாற்றுகிறது. வண்டி நிற்க மறுக்கிறது என்று அந்த நொடியில் தோன்றும், பெடலை விட்டுவிடாதீர்கள்.

பொத்தானை அழுத்தினால் பொதுவாக இ.எஸ்.பி. மட்டுமே ஒதுங்கும், ஏ.பி.எஸ். இருக்கும். சில வண்டிகளில், பிரேக்கை ஏ.பி.எஸ். வேலைசெய்யும் அளவுக்கு மிதித்தால் ஒதுங்கிய இ.எஸ்.பி.யும் திரும்ப வந்துவிடும். தங்கள் வண்டி எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்டி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு சக்கரச் சென்சார் கெட்டாலும் பொதுவாக ஏ.பி.எஸ்., இ.எஸ்.பி. எச்சரிக்கை விளக்குகள் இரண்டும் சேர்ந்தே எரியும். சாதாரண பிரேக் இருக்கும், இவை இரண்டும் இரா. அப்படி எரிந்தால் தடத்தில் இறங்க வேண்டாம். டயர்களும் நிறுவனம் குறித்த அளவிலேயே இருக்கட்டும்; சுற்றளவு மாறினால் சக்கர வேகக் கணக்கே தவறிப்போகும். பிறகு இங்கே வரும்போது, வான் ரீனன் கணவாயில் மழையோ மூடுபனியோ இருந்தால், அந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம்.

அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்