ஆராதனையை எம்கேவியில் பதிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறுதோறும் ஆராதனையைப் பதிவு செய்யக் கணினி முன்னால் உட்காருகிறவன் நான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயக் கதவு மூடியபோது அவசரத்துக்குத் தொடங்கிய வேலை, இன்றுவரை விடவில்லை.

போன வருடக் கடைசியில் சபையின் மூத்த அம்மா ஒருவர் சாட்சி சொன்னார். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டப் போனது, இருட்டில் பயம் தெரியாமல் இருக்கக் கீர்த்தனை பாடிக்கொண்டே நடந்தது என்று இருபது நிமிடம் பேசி, அதில் இரண்டு அடி பாடியும் காட்டினார். ஆராதனை முடிகிற நேரத்தில் கரண்ட் ட்ரிப் ஆகிவிட்டது. திரும்பக் கணினியைப் போட்டுப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, 3 ஜிபிக்கு மேல் அளவும் காட்டுகிறது, ஆனால் எதிலும் திறக்கவில்லை. சரிசெய்யும் மென்பொருள் போட்டும் படம் துண்டு துண்டாக வந்ததே தவிர குரல் வரவில்லை. நாலு மாதத்தில் அந்த அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கத்துக்கு முதல் நாள் மகள் பெண்டிரைவோடு வந்து, "தம்பி, அம்மா பாடினது மட்டும் போதும்" என்றார். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தப்பு என்னுடையது. ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளில்தான் பதிவு செய்கிறோம். வாட்ஸ்அப்பில் அனுப்ப வசதி என்று கோப்பு வகையை எம்பி4 என மாற்றி வைத்திருந்தேன். சாதாரண எம்பி4 கோப்பில், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும், நடுவில் கணினி அணைந்தால் அட்டவணையே இல்லாமல் போய்விடும். எம்கேவி என்ற கோப்பு வகை அப்படியல்ல, அணைந்த நொடி வரைக்கும் பதிவானது அநேகமாக அப்படியே இருக்கும். அப்புறம் ஓபிஎஸ்ஸிலேயே 'ரீமக்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.

நேராகப் பெண்டிரைவிலும் பதிவு செய்யாதீர்கள். பல பெண்டிரைவ்கள் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விநாடிக்கு 6 மெகாபிட் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கே 2.7 ஜிபி ஆகிறது, நம் ஆராதனை எப்போது ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கிறது! ஆராதனையில் வீடியோ ஓட்டுவதானால் இணையத்திலிருந்து நேராக ஓட்டாமல் முன்னாடியே கணினியில் இறக்கி, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். குரலை ஒலி மிக்சரிலிருந்து ஒயர் போட்டு எடுங்கள், கேமரா மைக்கில் மின்விசிறிச் சத்தம்தான் விழும்.

கரண்ட் போனாலும் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கச் சபைக் கமிட்டி தயவுசெய்து மறுக்க வேண்டாம். இந்த வாரமே ஐந்து நிமிடம் பதிவு செய்து, பாதியில் டாஸ்க் மேனேஜரில் ஓபிஎஸ்ஸை மூடிப் பாருங்கள். கோப்பு திறந்தால் சரி. எங்கள் சபையில் எண்பது தாண்டியவர்கள் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள், மாதம் ஒருவராக அவர்கள் சாட்சியைப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டோம்.

ஒரு வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு