போர்டு கிடைக்காத ஃபேனுக்கு 3,890 ரூபாய்

அனுப்புநர்:
மூன்று சீலிங் ஃபேன் வாங்கிய வாடிக்கையாளர்,
வேலூர்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 8.9.2025

பொருள்: 22.4.2023 அன்று வாங்கிய பி.எல்.டி.சி. (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள) சீலிங் ஃபேன்களில் ஒன்று இரண்டு முறை பழுதானது. மற்றொன்றுக்கு உதிரிபாகம் இல்லை என்று கைவிரித்தது – தீர்வு வேண்டுதல்.

ஐயா,

வணக்கம். நான் பள்ளியில் கணக்கு சொல்லித் தரும் ஆசிரியை. விலை கூடிய பொருள் எதையும் கணக்குப் பார்க்காமல் வாங்கியதில்லை. உங்கள் ஃபேனையும் அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன். கடையில் சாதாரண ஃபேன் 1,750 ரூபாய், உங்களுடையது 3,890. ஒன்றுக்கு 2,140 கூடுதல். ஹாலுக்கும் இரண்டு அறைக்குமாக மூன்று வாங்கியதில் 6,420 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன்.

கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கும், உங்களுடையது 30 வாட். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் 0.45 யூனிட் மிச்சம். மூன்றுக்கும் இரண்டு மாதத்தில் 81 யூனிட். எங்கள் வீட்டில் மீட்டர் ரீடிங் எப்போதும் 500 யூனிட் ஓரத்தில் நிற்கும். தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே உள்ள 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் ஏறிவிடும். அதனால் அந்த 81 யூனிட் எங்களுக்குப் பெரிய விஷயம்.

நீங்கள் சொன்னது பொய்யில்லை என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். 2023 ஏப்ரல் ரீடிங்கில் 528 யூனிட், கட்டணம் 2,174 ரூபாய். ஃபேன் மாட்டிய பிறகு ஜூன் ரீடிங்கில் 451 யூனிட், 1,431 ரூபாய். வேலூர் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களிலேயே 743 ரூபாய் குறைந்தது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் முன்பைவிட அதிக நேரம் ஓடியது. சத்தமும் இல்லை. ஸ்டாஃப் ரூமில் இதையெல்லாம் சொல்லி, உடன் வேலை பார்க்கும் இரண்டு ஆசிரியைகளையும் இதே ஃபேனை வாங்க வைத்தேன். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

9.5.2024 அன்று என் மாமியார் அறை ஃபேன் நின்றது. அவருக்கு வயது 81. அக்னி நட்சத்திரம் தொடங்கி ஐந்தாறு நாள். மாடி வீடு, மேலே மொட்டை மாடிதான்; பகல் முழுக்க வெயில் குடித்த தளம் இரவு பன்னிரண்டு மணிக்கும் அனலடிக்கும். அன்றே போனில் புகார் பதிந்தேன். முதலில் வந்த டெக்னீஷியன் பார்த்துவிட்டு, ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது, சென்னையிலிருந்து வரவேண்டும் என்றார். வந்தது 28-ஆம் தேதி. பத்தொன்பது நாள். ஆறு முறை போன் செய்தேன். ஆறு முறையும் வேறு வேறு ஆள். ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. அத்தனை நாளும் அத்தையை ஹாலில் பாயில் படுக்கவைத்தோம். மூட்டுவலிக்காரர், தரையிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். “என்னால உங்களுக்கெல்லாம் தொல்லை” என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. வாரண்டியில் மாற்றிக்கொடுத்தீர்கள், பணம் வாங்கவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. 14.5.2025 அன்று அதே ஃபேன், அதே போர்டு. இந்த முறை வாரண்டி முடிந்து 23 நாள் ஆகிவிட்டது என்றீர்கள். நீங்களே மாட்டிய போர்டு ஒரு வருடம் தாங்கவில்லையே என்று கேட்டதற்கு, மாற்றிய பாகத்துக்குத் தனி வாரண்டி கிடையாது, பழைய வாரண்டியின் மிச்ச நாள்தான் என்று பதில். போர்டு 1,150, வீட்டுக்கு வந்து போக 300, ஜி.எஸ்.டி. சேர்த்து 1,711 ரூபாய் கட்டினேன். ஒரு சாதாரண ஃபேனே 1,750 ரூபாய்தான்.

வோல்டேஜ் ஏறி இறங்குவதால் போயிருக்கும் என்று டெக்னீஷியன் சொன்னார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பெட்டியின் மேல் 140 முதல் 285 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பது நீங்கள். எங்கள் தெருவில் வோல்டேஜ் ஆடும் என்பதால் அதைப் படித்துப் பார்த்துத்தான் இந்த ஃபேனை எடுத்தேன். அதே லைனில் ஃபிரிட்ஜ், டிவி, கிரைண்டர் எல்லாம் நன்றாக ஓடுகின்றன.

3.8.2025 அன்று ஹால் ஃபேன் நின்றது. இந்தக் கடிதத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். போர்டு தரமுடியாது, அந்த மாடலை நிறுத்திவிட்டோம் என்றார்கள். வேண்டுமானால் 4,290 ரூபாய் புது மாடலை 15 சதவீதத் தள்ளுபடியில் தருகிறோம் என்றார்கள். இரண்டு வருடம் மூன்றரை மாதம் ஆன ஃபேன் அது. இறக்கை வளையவில்லை, பேரிங்கில் சத்தமில்லை, மோட்டாரில் குறையில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு இல்லாததால் முழு ஃபேனையும் தூக்கி எறியச் சொல்கிறீர்கள்.

எங்கள் தெருமுனை வைண்டிங் கடைக்காரர் முப்பது வருடமாக மோட்டார் வேலை பார்ப்பவர். அவரிடம் கொண்டுபோனேன். கழற்றிப் பார்த்து எனக்கு விளக்கினார். பழைய ஃபேனில் வைண்டிங், பேரிங், ஒரு கண்டன்சர், அவ்வளவுதான். வேகம் குறைந்தால் அறுபது ரூபாய்க்கு 2.5 மைக்ரோஃபாரட் கண்டன்சர் மாற்றினால் போதும். உங்கள் ஃபேனில் சுற்றும் பாகத்தில் நிலைக்காந்தம் இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஏ.சி. கரண்டை டி.சி.யாக்கி, எந்தச் சுருளுக்கு எப்போது அனுப்புவது என்று பார்த்துக்கொள்வது போர்டு. கரண்ட் மிச்சமாவதும் இந்த அமைப்பால்தான், போர்டு போனால் ஒரு சுற்றுகூடச் சுற்றாததும் இதனால்தான். “போர்டு கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல மாட்டிடுவேன் டீச்சர், அவங்க வெளியில விக்கிறதில்லையே” என்றார்.

பிறகு அவர் ஒன்று செய்தார். புது ஃபேன் மாட்டியபோது பழையவற்றை அவரிடம்தான் கொடுத்திருந்தேன். அதில் ஒன்று 1996-இல் என் கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் சீராகக் கொடுத்தது. அதை விற்காமல் வைத்திருந்தார். கண்டன்சரும் பேரிங்கும் மாற்றி, அவரே வந்து ஹாலில் மாட்டிவிட்டுப் போனார். கூலியோடு 450 ரூபாய். இருபத்தொன்பது வயதான அந்த ஃபேன் இன்று என் தலைக்கு மேல் ஓடுகிறது, கரண்ட் கூடுதலாகக் குடித்துக்கொண்டே.

மின்கட்டணத்தில் மிச்சமானதை பில் பில்லாகக் கூட்டிப் பார்த்தேன். 2025 ஏப்ரல் வரை ஏறக்குறைய 5,100 ரூபாய். கூடுதலாகக் கொடுத்த 6,420 திரும்பிவர இன்னும் 1,300 ரூபாய் பாக்கி. அதற்குள் 1,711 செலவு வந்தது, ஹால் ஃபேனும் போனது. ஐந்து வருடம் ஓடியிருந்தால் இந்த ஃபேன் வாங்கிய விலைக்கு நிச்சயம் தகும், நானே ஊருக்கெல்லாம் சொல்வேன். 1.1.2023 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாயிற்று. உங்கள் பெட்டியில் ஐந்து நட்சத்திரம் இருக்கிறது. அது ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பதை அளப்பது. போர்டு எத்தனை வருடம் கிடைக்கும் என்பதைப் பெட்டியில் எங்கேயும் நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் கணக்கில் அதையும் சேர்த்திருப்பேன்.

நான் கேட்பது இவைதான். ஹால் ஃபேனுக்குப் பொருந்தும் போர்டை அனுப்புங்கள். உண்மையிலேயே இல்லையென்றால் எனக்குச் செலவில்லாமல் அதற்கு ஈடான ஃபேனைக் கொடுங்கள். தள்ளுபடி வேண்டாம். ஒரு வருடத்துக்குள் கெட்டுப்போன போர்டுக்கு நான் கட்டிய 1,711 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மூன்றாவது ஃபேன் இன்னும் ஓடுகிறது; அதற்கான போர்டை எத்தனை வருடம் தருவீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். போர்டை எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கும் விலைக்குக் கொடுங்கள். பொருளைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரிலேயே தனி இணையதளம் தொடங்கியிருக்கிறது. நான் புதிதாக எதையும் கேட்டுவிடவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நானே பேசலாம்.

பதிலைத் தயவுசெய்து கடிதமாக அனுப்புங்கள். போனில் மறுபடி முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வேலூர்.

இணைப்பு: 22.4.2023 கடை ரசீது, 2025 மே மாதம் 1,711 ரூபாய் கட்டிய ரசீது, 2023 ஏப்ரல், ஜூன் மின்கட்டண ரசீதுகள், மூன்று புகார்ப் பதிவுகளின் நகல்.