ஜாக்கியில் தொங்கவிட்டு அளக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

ஜீப்பை உயர்த்தி இரண்டாவது டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் பெட்டி) பூட்டுபவர்கள், அதிலிருந்து அச்சுக்கு விசை கொண்டுபோகும் பழைய புரொப்பெலர் ஷாஃப்ட்டையே வெட்டி ஒட்டுவது வீண்வேலை. பின்பக்க ஷாஃப்ட் குட்டையாகும், கோணமோ கூடிவிடும்.

வண்டி தன் பாரத்தோடு சில்லில் நிற்கும்போதுதான் புது ஷாஃப்ட்டின் நீளத்தை ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட் பூட்டும் தட்டுகளுக்கிடையே) அளக்கவேண்டும். ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீளவும் குறுகவும் விடும் பல்வெட்டு இணைப்பு) உள்ளே போக ஓர் அங்குலமாவது இடம் விடுங்கள். அச்சு முழுதாகத் தொங்கினாலும் அது கழலக்கூடாது. கோணம் பெரிதென்றால் மேல்முனைக்கு இரட்டைக் குறோஸ் ஜொயின்ட் (கோணத்திலும் சுழலவிடும் இணைப்பு) போடலாம். அப்போது பினியன் (அச்சில் ஷாஃப்ட் பூட்டும் முனை) டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கி, 1–2 பாகை தாழ்ந்திருக்கவேண்டும். இழுக்கும்போது அது தானாக மேலே எழும்.

2.28 விகிதக் கேஸ் இரண்டையும் லோவில் (மெதுகியரில்) போட்டால் முறுக்கு 5.2 மடங்கு. மெல்லிய ஷாஃப்ட் குழாய் புடலங்காய் மாதிரித் திருகிவிடும்!

குச்சவெளி மணலில் ஓடினால், குறோஸ் ஜொயின்ட்டுகளில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதிது அடியுங்கள்.

வாசகர்,
திருகோணமலை